பத்தடி தள்ளி நின்றுவிடும் நாய்

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர், தம் வீட்டு சைபீரியன் ஹஸ்கியைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆண் நாய், வயது இரண்டேகால், கருத்தடை செய்யப்படவில்லை. அதை இங்கே 'பனி' என்று அழைப்போம். எட்டு மாதம் வரை பெயரைச் சொன்னாலே காலடியில் வந்து நின்ற குட்டி, அதன் பிறகு கூப்பிட்டால் காதிலேயே வாங்குவதில்லை. கடந்த நான்கு மாதங்களில் மூன்று முறை வீட்டைவிட்டு ஓடியிருக்கிறது. மூன்றாவது முறை, வந்தவருக்காகக் கதவைத் திறந்த நொடியில் கால்களுக்கிடையே புகுந்து வெளியேறி, இரண்டு மணி நேரம் கழித்து, வாகனங்கள் விரையும் சாலைக்கு அப்பால் தென்பட்டிருக்கிறது. தேடிச் சென்ற கணவர் கூப்பிட்டதும் தானாகவே ஓடி வந்த நாயை, பயமும் கோபமும் கலந்த அந்த நேரத்தில் அவர் அடித்துவிட்டார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் பனி பத்தடி தூரம் வரை வந்து நின்றுவிடுகிறது. நாம் ஓர் அடி முன்வைத்தால் அது ஓர் அடி பின்வாங்குகிறது. "என் கண்ணைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போகிறது. தெரிந்தேதான் செய்கிறது" என்கிறார் வாசகி. பயிற்சியாளர் ஒருவர், யார் எஜமானர் என்று காட்டாததால் வந்த வினை இது என்று சொல்லி, ஷாக் காலர் (ரிமோட்டை அழுத்தினால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) வாங்கச் சொல்லியிருக்கிறார். கணவரோ பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்போம், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்கிறார். ஷாக் காலர் வாங்கலாமா, கருத்தடை செய்தால் ஓடுவது நிற்குமா, என்றைக்காவது பனியைத் திறந்தவெளியில் அவிழ்த்துவிட முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பத்தடியைப் பற்றிய வரிகளைத்தான். பிடிவாதம் பிடித்த நாய் பத்தடி வரை வராது; கூப்பிட்ட குரலுக்குத் தலையைக்கூடத் திருப்பாது. பனி வருகிறது. வர விரும்புகிறது. வந்தால் என்ன நடக்கும் என்ற சந்தேகம் அதைக் கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திவைக்கிறது. நாய்களின் நடத்தைச் சிக்கல்களைத் தொடர்ந்து பார்த்துவரும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பவற்றில் எனக்கு நம்பிக்கையளிக்கும் செய்தி இதுதான். அந்தப் பத்தடியை மீட்க முடியும். ஆனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் நீங்கள் எதிர்பார்ப்பதுபோல இருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். ஹஸ்கிகளுக்கு இளவயதிலேயே கண்புரை வருவதுண்டு. விழித்திரை படிப்படியாகத் தேயும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் காணப்படுகிறது. தூரத்தில் நிற்பவரின் முகமும் கையசைவும் சரியாகத் தெரியாத நாய் தயங்கித்தான் நிற்கும். காதிலோ மூட்டிலோ வலி இருந்தாலும் கழுத்துப்பட்டையைப் பிடிக்க வரும் கையை அது தவிர்க்கும். கண், காது, மூட்டு மூன்றையும் பரிசோதித்த பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள்.

பனி எதற்காகப் பிறந்த நாய்?

சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்ச்சி மக்கள், குறைந்த சுமையை மிதமான வேகத்தில் மிக நீண்ட தூரம் இழுத்துச் செல்வதற்காக வளர்த்தெடுத்த இனத்தின் வழித்தோன்றல்தான் உங்கள் பனி. 1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, அதற்கான மருந்தை ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரம் பனிச்சறுக்கு வண்டிகளில் மாற்றி மாற்றிக் கொண்டுசேர்த்தார்கள். சுமார் 150 நாய்கள் ஐந்தரை நாளில் முடித்த வேலை அது. ஓடுவது இந்த இனத்துக்குக் களைப்பு தரும் வேலை அல்ல. ஓட்டத்தைவிடப் பெரிய வெகுமதி அதற்கு வேறொன்று இல்லை. அதுமட்டுமல்ல, வண்டியை இழுக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஓடும் நாய், காலடியில் பனிக்கட்டி மெலிந்திருப்பதை உணர்ந்தால் ஓட்டுநரின் கட்டளையை மீறி விலகிச் செல்ல வேண்டும். அப்படிச் செய்யும் நாயைத்தான் சிறந்த நாய் என்று கொண்டாடினார்கள். சொன்னதை அப்படியே செய்யாமல் ஒரு கணம் தானே யோசிக்கும் குணம் பனியின் குறை அல்ல, பரம்பரையாக வந்த சொத்து. மனிதரோடு கண்ணோடு கண் நோக்கி வேலை செய்வதற்காக வளர்க்கப்பட்ட, ஆட்டு மந்தையை மேய்க்கும் இனங்களோடு அதை ஒப்பிட்டு நீங்கள் மனம் வருந்தியிருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எட்டு மாதம் வரை நன்றாகத்தான் இருந்தது, அதன் பிறகு எங்கள் வளர்ப்பில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வயது நாய்க்கு விடலைப் பருவம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மாத வயதில் நாய்கள் தம்மை வளர்ப்பவர் சொல்லும் கட்டளையை முன்பைவிடக் குறைவாகக் கேட்டன. அதே கட்டளையை அந்நியர் சொன்னபோது கேட்டன. பெரும்பாலான நாய்களுக்கு இது வந்துபோகும் கட்டம். அந்தக் கட்டத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் பிற்பாடு நிலைத்துவிடுகிறது.

'வா' என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று?

மூன்று நாள்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். பனியை எப்போதெல்லாம் 'வா' என்று கூப்பிட்டீர்கள், வந்தவுடன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்திலிருந்தே என்னால் சிலவற்றைச் சொல்ல முடிகிறது: குளிப்பாட்டக் கூப்பிட்டது, நகம் வெட்டக் கூப்பிட்டது, மாடியில் விளையாடிக்கொண்டிருந்ததை அறைக்குள் அடைக்கக் கூப்பிட்டது, நடை முடிந்து வீட்டுக்குள் நுழையக் கூப்பிட்டது. இவற்றில் எதுவும் கொடுமை அல்ல. ஆனால் பனியின் கணக்கில் 'வா' என்ற சொல்லுக்கு 'இன்பம் முடிந்தது' என்ற பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கதவருகே நின்று ஐந்தாறு முறை கூப்பிடுகிறேன் என்கிறீர்கள். முதல் நான்கு முறை வராவிட்டாலும் எதுவும் மாறாது என்பதையும் அது அதே இடத்தில் கற்றுக்கொண்டுவிட்டது.

உங்கள் கணவர் அடித்தது ஓடியதற்காக. பனி அடி வாங்கியது திரும்பி வந்ததற்காக. ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே சில நொடிகளுக்கு மேல் கடந்துவிட்டால் நாயால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு முன் கதவைத் தாண்டியதை அந்த அடியோடு அது சேர்த்துப் பார்க்க வழியே இல்லை. அடித்தபோது தலையைக் குனிந்து, காதை மடக்கி, 'தப்பு செய்துவிட்டேன்' என்பதுபோல நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த முகபாவத்தைத்தான் சோதித்தது. உண்மையில் தவறு செய்த நாயா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. எதிரே நிற்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது. அது குற்றவுணர்ச்சி அல்ல, கோபமாக இருக்கும் மனிதரைச் சமாதானப்படுத்தும் உடல்மொழி. இதை உங்கள் கணவரைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. காணாமல்போன ஓர் உயிர் சாலைக்கு அப்பால் நிற்பதைக் கண்ட மனிதரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அவர்தான் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில் முக்கியமானவர் என்பதால் கடைசியில் அவருக்கென்றே சில வரிகள் எழுதுகிறேன்.

ஷாக் காலர் வேண்டாம்

'எஜமானர் யாரென்று காட்ட வேண்டும்' என்ற கருத்து, அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை கூட்டத்தில் முதலிடத்துக்காகச் சண்டையிடுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கல் 1947இல் எழுதியதிலிருந்து பரவியது. டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளர் அந்தக் கருத்தைத் தம் நூலில் பிரபலமாக்கியவர். காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கண்ட பின், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் அவரே திருத்தி எழுதினார். பனி உங்களிடமிருந்து பதவியைப் பறிக்க முயலவில்லை.

ஷாக் காலரைப் பொறுத்தவரை, கூப்பிட்டால் வராத நாய்களையே எடுத்துக்கொண்டு பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. 63 நாய்கள் அதில் இடம்பெற்றன. ஷாக் காலரைக் கையாள்வதில் தேர்ந்த பயிற்சியாளர்கள் பயிற்சி கொடுத்தும்கூட, வெகுமதியை மட்டும் நம்பிய பயிற்சியைவிட அதனால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. வேல்ஸ் நாடு 2010லேயே அதைத் தடைசெய்துவிட்டது. பனியின் நிலையில் எனக்கு இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. ஏற்கெனவே 'வந்தால் வலிக்கும்' என்று சந்தேகப்படும் நாய்க்கு, அழைப்பை ஒட்டி மீண்டும் ஒரு வலியைக் கொடுக்கப் போகிறீர்கள். அந்த நொடியில் அதன் கண்ணெதிரே ஒரு குழந்தை நடந்து போனால், வலியை அந்தக் குழந்தையோடு முடிச்சுப்போட்டுக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பூனையின் பின்னால் முழு வேகத்தில் ஓடும் ஹஸ்கி வலியைப் பொருட்படுத்தாமல் ஓடியே போய்விடும் என்பதும் உண்மை. ஆகவே அதை வாங்க வேண்டாம்.

சங்கிலி யோசனையும் பயன் தராது. பகலெல்லாம் கட்டுண்டு கிடக்கும் ஹஸ்கிக்கு அவிழ்த்துவிடும் நொடி மேலும் மேலும் மதிப்புள்ளதாகிறது. அந்த நொடியில்தான் அது பாயும்.

கருத்தடை எவ்வளவு உதவும்?

ஓரளவு உதவும். பெண் நாயின் வாசனையைத் தேடி அலையும் ஆண் நாய்களில், கருத்தடைக்குப் பிறகு ஊர்சுற்றும் பழக்கம் குறைவது வழக்கம். ஆனால் பனி ஓடிய மூன்று முறையும் நீங்கள் சொல்லும் விவரங்களைப் பார்த்தால், ஒருமுறை பறவைக் கூட்டம், ஒருமுறை பூனை, ஒருமுறை திறந்த கதவு. வேட்டை நாட்டத்தையும் ஓடும் ஆசையையும் அறுவை சிகிச்சை அகற்றாது. வேறு காரணங்களுக்காகச் செய்துகொள்ள விரும்பினால் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஓடுவதை நிறுத்தும் மருந்தாக நினைத்துச் செய்யாதீர்கள்.

புதிய சொல்லும் நீண்ட கயிறும்

'வா' என்ற சொல்லை ஓய்வெடுக்க விடுங்கள். வீட்டில் வேறு எதற்கும் பயன்படாத புதிய ஒலியைத் தேர்ந்தெடுங்கள்; விசில் மிகவும் நல்லது, ஏனென்றால் நம் குரலில் ஏறும் பதற்றமும் எரிச்சலும் அதில் ஏறாது. முதல் பத்து நாள் பனியிடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். அது உங்கள் அருகே நிற்கும்போது விசிலை ஊதுங்கள், உடனே அதற்கு மிகப் பிடித்த தின்பண்டத்தைத் தாருங்கள். ஒரே துண்டாக அல்ல. நகக்கண் அளவுள்ள எட்டுப் பத்துத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, அரை நிமிடம் நீடிக்கும்படி தாருங்கள். நாளுக்குப் பதினைந்து முறை போதும். அடுத்த அறையில் விசில் கேட்டதும் கழுத்து சட்டென்று திரும்பி, பாதம் தரையில் வழுக்க ஓடி வரும் நாளில் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இங்கே ஹஸ்கி வளர்ப்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் ஒரு சிக்கல் வரும். இந்த இனம் தன் உடல் அளவுக்குக் குறைவாகவே உண்ணும். வேடிக்கை பார்க்க ஏதாவது இருந்தால் இறைச்சித் துண்டைக்கூட முகர்ந்துவிட்டு விட்டுவிடும். ஆகவே உணவை மட்டும் நம்பாதீர்கள். பனி வந்து சேர்ந்ததும் நீங்கள் எதிர்த்திசையில் ஓடி, அது உங்களைத் துரத்தட்டும். மண்ணைத் தோண்ட ஓரிடம் ஒதுக்கி அங்கே கூட்டிச் செல்லுங்கள். எல்லாவற்றையும்விட வலுவான வெகுமதி, எதை விட்டுவிட்டு வந்ததோ அதற்கே திருப்பி அனுப்புவது. புதரை முகர்ந்துகொண்டிருந்த நாய் விசிலுக்கு வந்ததும் கொஞ்சிவிட்டு, 'போ' என்று மீண்டும் புதருக்கே விடுங்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறையாவது அதன் சுதந்திரம் திரும்பக் கிடைக்க வேண்டும். வந்தால் எதையும் இழக்கமாட்டோம் என்பதை இந்த எண்ணிக்கைதான் அதற்குச் சொல்லிக்கொடுக்கும்.

வெளியே செல்லும்போது 10 முதல் 15 மீட்டர் நீளமுள்ள கயிறு வேண்டும். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் ஹார்னஸின் (மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டும் பட்டை) முதுகுப்புற வளையத்தில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் முனையில் திடீரென இழுபடும்போது கழுத்து தாங்காது. கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், கையுறை அணியுங்கள். தானாகச் சுருங்கும் பிடிகயிறு இதற்கு உதவாது. விசிலை ஒரே ஒரு முறை ஊதுங்கள். வராவிட்டால் இரண்டாவது முறை ஊதாமல், மீனை இழுப்பதுபோல இழுக்காமல், கயிற்றைச் சேகரித்துக்கொண்டே நிதானமாக அதனிடம் நடந்து செல்லுங்கள். திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். அடுத்த முறை இன்னும் அமைதியான இடத்தில், இன்னும் குறைந்த தூரத்தில் முயலுங்கள். பத்துக்கு ஒன்பது முறை வரும் இடத்திலிருந்துதான் சற்றுக் கடினமான இடத்துக்கு நகர வேண்டும். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்தக் காலம் முழுவதும், குளிப்பாட்டவோ அடைக்கவோ வேண்டுமானால் விசில் ஊதாமல் நீங்களே எழுந்து போய் அழைத்து வாருங்கள்.

என்றைக்காவது அவிழ்த்துவிடலாமா?

நான்கு பக்கமும் வேலியுள்ள இடத்தில் தாராளமாக அவிழ்த்துவிடலாம். வேலியில்லாத திறந்தவெளியில், சாலைக்கு அருகே, ஒருபோதும் வேண்டாம். ஹஸ்கி வளர்ப்போர் பல நாடுகளில் வைத்திருக்கும் சங்கங்களும் இதையேதான் அறிவுறுத்துகின்றன. நன்றாகப் பழகிய பனி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை வரும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி ஐந்து முறை எங்கே நிகழும் என்பது உங்கள் கையில் இல்லை. இதைத் தோல்வியாகக் கருதாதீர்கள். விசில் பயிற்சி பனிக்கு அன்றாடம் கொடுப்பது நீண்ட கயிற்றில் ஓடும் சுதந்திரம். என்றாவது கதவு தவறித் திறந்துவிட்ட நாளில் அதுவே உயிரைக் காக்கும் வாய்ப்பு. ஓட்டத்துக்கு ஹார்னஸ் மாட்டி உங்களை இழுத்துக்கொண்டு ஓடப் பழக்குங்கள், வெயில் இல்லாத நேரத்தில். அந்தத் தடித்த இரட்டை ரோமத்துக்குள் சூடு சீக்கிரம் ஏறிவிடும்.

வீட்டைச் சுற்றி ஒரு தடுப்பு மட்டும் போதாது. வேலி 1.8 மீட்டர் உயரமாவது இருக்கட்டும். ஏறிக் குதிக்க உதவும் தொட்டி, பெஞ்சு போன்றவற்றை ஒட்டி வைக்காதீர்கள். அடியில் தோண்டாமலிருக்கக் கம்பிவலையை உட்புறமாக மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். வாசற்கதவுக்கு உள்ளே இன்னொரு சிறு கதவு போட்டு, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்படி வீட்டிலுள்ள அனைவரும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் பனி மூன்றாவது முறை ஓடியது இந்த ஒரு கதவு இல்லாததால்தான்.

தோலுக்கு அடியில் மைக்ரோசிப் போட்டிருப்பதால் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மைக்ரோசிப்பில் இருப்பது ஓர் எண் மட்டும், வழக்கமாக 15 இலக்கம். யாராவது நாயைப் பிடித்து, ஸ்கேனர் வைத்துப் படித்து, அந்த எண்ணோடு பதிவான தொலைபேசிக்கு அழைத்தால்தான் தகவல் உங்களுக்கு வரும். நீங்கள் எண் மாற்றியிருந்தால் பதிவிலும் மாற்றிவிடுங்கள். இருக்குமிடத்தைக் காட்ட வேண்டுமானால் தனியாக ஜிபிஎஸ் கருவியைக் கழுத்துப்பட்டையில் மாட்ட வேண்டும்.

மறுபடி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள்; துரத்தல் அதற்கு விளையாட்டு, அதில் அது உங்களை வென்றுவிடும். ஒருமுறை விசில் ஊதிவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். அல்லது பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்து, எதையோ கண்டெடுத்ததுபோல மண்ணைக் கிளறுங்கள். வண்டியில் ஏறும் ஆசையுள்ள நாயானால் கதவைத் திறந்து வைத்தாலே ஏறிக்கொள்ளும். எத்தனை மணி நேரம் கழித்து வந்தாலும், வந்த நொடியில் கிடைப்பது அன்பும் தின்பண்டமும் மட்டுமே.

கொடுத்துவிடலாமா என்பது பற்றியும் உங்கள் கணவருக்கும்

நேரமும் வேலியும் உங்களால் தர முடியவில்லை என்றால், அவற்றைத் தரக்கூடிய வீட்டுக்கு அனுப்புவது குற்றமல்ல. அப்போது ஓடும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். ஆனால் நீங்கள் இதுவரை செய்துபார்த்தவை எல்லாம் கூப்பிடுவதும் கோபிப்பதும்தான். மேலே சொன்னவற்றை நான்கு மாதம் செய்துபார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

உங்கள் கணவர் விசில் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டாம். முதலில் தினமும் இருமுறை, வீட்டுக்குள், பனியைக் கூப்பிடாமல், அதற்கு முதுகைப் பாதி காட்டியபடி தரையில் உட்காரட்டும். தின்பண்டத்தைத் தம்மிலிருந்து பத்தடி தள்ளி வீசட்டும். அடுத்த நாள் எட்டடி, அதற்கடுத்து ஆறடி. பார்க்கவோ பேசவோ கையை நீட்டவோ வேண்டாம். ஒருநாள் பனி அவர் முழங்காலருகே வந்து தின்னும். அப்போதும் தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தபடி, மறு கையின் இரண்டு விரல்களால் தாடைக்கு அடியிலிருந்து கழுத்துப்பட்டையை லேசாகத் தொட்டு உடனே விட்டுவிடட்டும். விரல் படும்போது பனி மெல்லுவதை நிறுத்தினால் அன்றைக்கு அது போதும். மெல்லுவதை நிறுத்தாமல் தின்றுகொண்டே இருந்தால், மறுநாள் காலை விசிலை அவர் கையில் கொடுங்கள்.